பெட்டி உள்ளே, குழாய் வெளியே

1930 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநகராட்சி ஒரு புது வேலையைக் கையில் எடுத்தது. குடிநீர், குப்பை, தெருவிளக்கு என்று ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்த வேலைகளோடு, நகரத்துக்குச் சங்கீதத்தையும் விநியோகிக்க ஆரம்பித்தது. மாலையில் பாட்டு, மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சங்கீதப் பாடமும் கதையும், விடுமுறை நாட்களில் கிராமபோன் இசைத்தட்டுகள், மாதம் ஒருமுறை மேற்கத்திய இசை. ஒரு நகராட்சி அமைப்பு வானொலி நிலையம் நடத்தியது என்பதே இன்று கேட்க வேடிக்கையாக இருக்கும். குப்பை வண்டி வராவிட்டால் புகார் செய்வதுபோல, ராகம் சரியில்லை என்று வார்டு கவுன்சிலரிடம் புகார் செய்திருக்கலாம்.

ஆனால் நான் சொல்ல வருவது வேறு. பாட்டை ஒலிபரப்பிவிட்டால் போதுமா, கேட்பது யார்? ரேடியோ பெட்டி அப்போது பணக்காரர் வீட்டுப் பொருள். பெட்டி வாங்க முடிந்தாலும், அதை வைத்துக்கொள்ள வருடத்துக்கு 10 ரூபாய் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். அன்றைய 10 ரூபாய் சாதாரணக் குடும்பத்துக்கு லேசான தொகை இல்லை. எனவே மாநகராட்சி மெரினா கடற்கரை, பீப்பிள்ஸ் பார்க், ராயபுரம் ராபின்சன் பூங்கா போன்ற இடங்களில் ஒலிபெருக்கிகளை வைத்தது. ரேடியோ பெட்டி எங்கோ இருக்கும். அதன் வாய் மட்டும் ஊர் கூடுகிற இடத்தில் இருக்கும். மாலையில் மணலில் உட்கார்ந்தால் போதும், பாட்டு காதில் விழும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு 2018க்கு வருவோம். அந்த ஆண்டு மார்ச்சில் கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: கூகுள் ஹோம் ஸ்மார்ட் ஸ்பீக்கரை இனி எந்த ப்ளூடூத் ஸ்பீக்கரோடும் இணைத்துக்கொள்ளலாம். அமேசானின் எக்கோ டாட்டில் அந்த வசதி 2016லேயே இருந்தது. சின்னப் பெட்டி உத்தரவைக் கேட்டுக்கொள்ளும், பெரிய ஸ்பீக்கர் பாடும். பெட்டி ஓரிடம், வாய் வேறிடம். மாநகராட்சி 88 வருடங்களுக்கு முன் ஊருக்குச் செய்ததை இப்போது ஒரு வீட்டுக்குள் செய்கிறோம்.

சென்னையின் ஒலி வரலாறு என்று ஒன்றை எழுதினால், அதன் பெரும்பகுதி இந்தப் பிரிவைப் பற்றித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மூலம் ஓரிடத்தில், ஒலி இன்னோரிடத்தில். ஒவ்வொரு முறை இரண்டும் பிரிந்தபோதும் ஒரு கேள்வி வந்தது: எதைக் கேட்பது, எப்போது நிறுத்துவது என்று முடிவுசெய்வது யார்?

தொண்டையின் காலம்

முதலில் இரண்டும் பிரியாத காலத்தைப் பார்த்துவிடலாம். 1907 மே மாதம் விபின் சந்திர பால் சென்னைக்கு வந்து மெரினாவில் தொடர்ந்து பல மாலைகள் பேசினார். மைக் கிடையாது. ஆயிரக்கணக்கான பேர் மணலில். கடற்காற்று வேறு. பேச்சாளரின் தொண்டை எட்டும் தூரம்தான் கூட்டத்தின் எல்லை. அதற்கு அப்பால் நிற்பவருக்கு, முன்னால் நிற்பவர் திரும்பிச் சொன்னால்தான் உண்டு.

நாடக மேடையிலும் இதே கணக்குதான். எஸ்.ஜி. கிட்டப்பா போன்றவர்கள் உச்ச ஸ்தாயியில், உயர்ந்த கட்டையில் பாடினார்கள் என்று கேள்விப்பட்டிருப்போம். அதை வெறும் ரசனை விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது. கடைசி வரிசையில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு போய்ச் சேர வேண்டும். மேல் ஸ்தாயிக் குரல் கூட்டத்தின் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு போகும். கீழ் ஸ்தாயியில் குழைந்து பாடினால் மூன்றாவது வரிசையோடு முடிந்துவிடும். ஆக, அரங்கின் நீளம்தான் பாட்டின் சுருதியை முடிவுசெய்தது.

இதற்கு நேர்மாறாக ஒருவர் இருந்தார். வீணை தனம்மாள். ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை வாசிப்பார். வீணை மெல்லிய ஒலி. பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் கேட்டால்தான் அந்த நுணுக்கம் தெரியும். நகரத்தின் பெரிய வித்வான்களே போய் உட்கார்ந்து கேட்டார்கள். அவர் ஒலியைக் கேட்பவரிடம் கொண்டுபோகவில்லை. கேட்பவர்தான் ஒலி இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். தனம்மாள் மறைந்தது 1938 அக்டோபரில். சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கியது அதே ஆண்டு ஜூன் 16 அன்று. நான்கு மாத இடைவெளியில் ஒரு காலம் முடிந்து இன்னொன்று ஆரம்பித்ததுபோல இருக்கிறது. வரலாறு அவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை என்று தெரியும். இருந்தாலும் இந்தத் தேதிகளைப் பார்க்கும்போது ஒரு நிமிடம் நின்றுவிடத் தோன்றுகிறது.

கிளப், மாநகராட்சி, அரசாங்கம்

சென்னையில் வானொலி மாநகராட்சியோடு தொடங்கவில்லை. 1924 மே 16 அன்று சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் மெட்ராஸ் பிரெசிடென்சி ரேடியோ கிளப் உருவானது. ஜூலை 31 முதல் ஒலிபரப்பு. முதலில் 40 வாட் டிரான்ஸ்மிட்டர், பிறகு 200 வாட். ஒரு பழைய டியூப்லைட்டின் அளவு மின்சாரத்தில் ஒரு நகரத்துக்கு ஒலிபரப்பு! பம்பாயில் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் இது நடந்தது.

இன்றைய மொழியில் சொன்னால் அது ஒரு ஸ்டார்ட்டப். ஆர்வம் இருந்தது, பணம் இல்லை. 1927 அக்டோபரில் கிளப் மூடப்பட்டது. தன் டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டுப் போனது. இரண்டரை ஆண்டுகள் கழித்து அதை வைத்துத்தான் மாநகராட்சி தன் சேவையைத் தொடங்கியது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கிளப்புக்குத் தேவைப்பட்டது சொந்தமாகப் பெட்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள். மாநகராட்சிக்கு அது தேவையில்லை. கடற்கரைக்கு வரும் எல்லோருமே நேயர்கள். கூலி வேலை முடிந்து வருபவர், கிளார்க், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காற்று வாங்க வந்த அம்மா, சுண்டல் விற்பவர் எல்லோரும் ஒரே பாட்டைக் கேட்டார்கள். சபாவுக்குள் டிக்கெட் வாங்கிப் போக முடியாதவருக்கும், வாங்கினாலும் உள்ளே சங்கடமாக உணர்ந்திருக்கக் கூடியவருக்கும், சங்கீதம் காசில்லாமல் கிடைத்தது. நகராட்சியின் தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பதுபோல.

ஆனால் அந்தக் குழாயில் திருகு கிடையாது. என்ன பாட்டு, எத்தனை மணிவரை என்பதை மணலில் உட்கார்ந்திருப்பவர் தீர்மானிக்க முடியாது. பிடிக்காவிட்டால் எழுந்து தள்ளிப் போய் உட்கார வேண்டியதுதான்.

1938இல் மாநகராட்சியிடமிருந்து அந்தப் பொறுப்பை அகில இந்திய வானொலி எடுத்துக்கொண்டது. எழும்பூர் மார்ஷல்ஸ் சாலையில் 'ஈஸ்ட் நுக்' என்ற கட்டடத்தில் நிலையம். அப்போதைய பிரதமர் ராஜாஜி தொடக்க விழாவில் பேசினார். திருவெண்காடு சுப்பிரமணிய பிள்ளையின் நாதஸ்வரத்தோடு ஒலிபரப்பு ஆரம்பமானது. 1954இல் நிலையம் மயிலாப்பூர்ப் பக்கம், கடற்கரைச் சாலைக்கே வந்துவிட்டது. மாநகராட்சி எந்தக் கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்ததோ, அந்தக் கடற்கரையைப் பார்த்தபடி இன்றும் அது நிற்கிறது.

மைக் செட் என்ற மாற்று வானொலி

வானொலி அரசாங்கத்தின் கைக்குப் போனதும், ஒலிபெருக்கிக்கு இன்னொரு வாழ்க்கை ஆரம்பித்தது. மைக்கும் ஆம்ப்ளிஃபையரும் குழாயும் சேர்ந்தால் டிரான்ஸ்மிட்டர் இல்லாமலேயே ஒரு தெருவுக்கு ஒலிபரப்பலாம். அதற்கு டெல்லியின் அனுமதி வேண்டாம். வாடகைக்கு ஒரு மைக் செட்காரர் போதும்.

மாநகராட்சி ஒலிபெருக்கி வைத்திருந்த இடங்களில் ராபின்சன் பூங்காவும் ஒன்று என்று சொன்னேன். 1949 செப்டம்பர் 17 அன்று அதே பூங்காவில், கொட்டும் மழையில் நடந்த கூட்டத்தில்தான் திமுக தொடங்கப்பட்டது. அண்ணா பேசினார். தேர்தல் நேரத்தில் அரசியல் கட்சிகள் தங்கள் கருத்தைச் சொல்ல அகில இந்திய வானொலி நேரம் ஒதுக்கத் தொடங்கியது 1977இல்தான். அதாவது, 1967இல் திமுக ஆட்சியைப் பிடித்தபோது, அந்தக் கட்சிக்கு வானொலியில் ஒரு நிமிடத் தேர்தல் பிரச்சாரம்கூடக் கிடைத்ததில்லை. அவர்களுடைய வானொலி மைக் செட்தான். தெருமுனையில் மேடை, மரத்தில் குழாய், 'ஹலோ மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ.' தமிழ் மேடைப் பேச்சின் அடுக்குமொழியும் ஏற்ற இறக்கமும் அந்தக் குழாய்க்குள் புகுந்து வருவதற்கென்றே வளைந்தவை என்று நினைக்கிறேன். தொண்டையைக் கிழித்துக்கொள்ளாமல் நிதானமாக, கீழ் ஸ்தாயியில் ஆரம்பித்து மேலே ஏறும் பேச்சு மைக் இல்லாமல் சாத்தியமே இல்லை.

சபாக்களிலும் மைக் இதையே செய்தது. கச்சேரிகளுக்கு ஒலிபெருக்கி வந்த பிறகு, குரலின் கனத்தைவிடக் குரலின் நெளிவு முக்கியமானது. உச்ச கட்டையில் பாட வேண்டிய கட்டாயம் போனது. சுருதி இறங்கியது. மெல்லிய குரல்காரர்களுக்கும் பெரிய அரங்கம் திறந்தது. வீணைக்கு காண்டாக்ட் மைக் வந்தது. சிட்டிபாபு அதைத் தன் வாசிப்பின் ஒரு பகுதியாகவே ஆக்கிக்கொண்டார். தனம்மாளின் வெள்ளிக்கிழமைக் கூடத்தில் பத்திருபது பேருக்கு மட்டும் கேட்ட வீணை ஆயிரம் பேருக்குக் கேட்டது. இதில் எது லாபம், எது நஷ்டம் என்று சென்னையில் டிசம்பர் மாதம் முழுக்க விவாதிக்கலாம். இன்றும் கச்சேரி நடுவே வித்வான் சவுண்ட்காரரைப் பார்த்துக் கை காட்டுவதும், மிருதங்கக்காரர் தன் மானிட்டரை ஏற்றச் சொல்வதும், ரசிகர் ஒருவர் 'வயலின் கேக்கவே இல்ல சார்' என்று எழுந்து நிற்பதும் நடக்கிறது. பாட்டின் சாவி ஓரமாக மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரிடம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

பூட்டிய அறையும் டீக்கடையும்

ஊர்ப்பக்கத்தில் வளர்ந்தவர்களிடம் கேட்டால் பஞ்சாயத்து ரேடியோவைப் பற்றிச் சொல்வார்கள். ரேடியோ பெட்டி ஓர் அறைக்குள் இருக்கும். குழாய் வெளியே கம்பத்திலோ கூரையிலோ இருக்கும். மாலையில் ஒருவர் வந்து பூட்டைத் திறந்து ரேடியோவைப் போடுவார். செய்தி, விவசாய நிகழ்ச்சி, பாட்டு. பிறகு அணைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போய்விடுவார். என் கட்டுரையின் தலைப்பு அந்த அறையிலிருந்து வந்ததுதான். பெட்டி உள்ளே, குழாய் வெளியே, சாவி ஒருவர் இடுப்பில்.

நகரத்தில் அந்தச் சாவி டீக்கடைக்காரரிடம் இருந்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப்போனது. மக்கள் என்ன செய்தார்கள்? ரேடியோ முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காக அமைத்த சக்திவாய்ந்த டிரான்ஸ்மிட்டர் இலங்கை வானொலிக்கு வந்திருந்தது. அதன் தமிழ்ச் சேவை தமிழ்நாட்டுக்குச் சினிமாப் பாட்டைக் கொண்டுவந்து கொட்டியது. மயில்வாகனன், பிறகு பி.எச். அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களின் குரல்களே ஒரு தலைமுறைக்கு உறவினர் குரல்போல ஆகிவிட்டன. டெல்லி விழித்துக்கொண்டு விவித் பாரதியைத் தொடங்கியது 1957 அக்டோபர் 3 அன்று.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த விஷயம், அமைச்சர் ஒருவர் முடிவெடுத்தும் அது செல்லுபடியாகவில்லை என்பது. காரணம் எளிது. பெட்டியில் திருகு இருந்தது. கொழும்பும் டெல்லியும் அந்த ஒரே முள்ளின் இரண்டு பக்கம். டீக்கடைக்காரர் விரலால் ஒரு தட்டு தட்டினால் போதும், ஓர் அரசாங்கத்தின் கொள்கை அந்தக் கடையில் தோற்றுவிடும்.

காதை மூட முடியாது

இதெல்லாம் இனிமையான நினைவாக மட்டும் இருந்துவிட முடியாது. குழாய்க்குத் தெருவில் அடிபட்டவர்களும் உண்டு. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது ஆடி மாதம் வந்துவிட்டால் தெரியும். மயிலாப்பூரில் முண்டகக்கண்ணியம்மன் கோயில் பக்கம் கூழ் ஊற்றும் நாட்களில் எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் விடியற்காலையிலேயே ஜன்னலைத் தட்டும். அந்தக் குரல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதிகாலை ஐந்து மணிக்குக் கரிம வேதியியலோடு சேர்த்துக் கேட்க வேண்டிய குரல் அது இல்லை. கல்யாண மண்டபம், கட்சிக் கூட்டம், கடை திறப்பு விழா, தி.நகர் ரங்கநாதன் தெருவில் தீபாவளி நேரத்து அறிவிப்புகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய். கண்ணுக்கு இமை இருக்கிறது, காதுக்கு இல்லை.

இந்தச் சண்டை உச்ச நீதிமன்றம்வரை போனதில் சென்னை வழக்கு ஒன்று முக்கியமானது. கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் ஒரு தேவாலயத்துக்கும் இடையிலான வழக்கு. 2000 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, அடுத்தவரின் அமைதியைக் குலைத்து, ஒலிபெருக்கி வைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது. இது எல்லா மதத்துக்கும் பொருந்தும். அதே ஆண்டு மத்திய அரசின் ஒலி மாசு விதிகளும் வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குத் தடை. நடைமுறையில் என்ன நடக்கிறது என்பது உங்கள் தெருவைப் பொறுத்தது. ஆனாலும் குழாயின் சாவியில் கேட்பவருக்கும் பங்கு உண்டு என்று சட்டம் சொன்னது.

இதற்குள் பலர் வேறு வழியில் தப்பித்திருந்தார்கள். டிரான்சிஸ்டர், டேப் ரெக்கார்டர், வாக்மன், டெக், எம்பி3, செல்போன். ஒலி வெளியிலிருந்து வீட்டுக்குள்ளும், வீட்டிலிருந்து காதுக்குள்ளும் போய்விட்டது. ஊர் கேட்டது போய், அவரவர் கேட்பது வந்தது.

பேசறது இங்க, பாடறது அங்க

குடும்பத்தில் எஞ்சினியரிங் படித்த பையன் என்றால் ஒரு வேலை நிச்சயம். மயிலாப்பூர் சித்தி வீடு, தி.நகர் மாமா வீடு, அடையாறில் அம்மா அப்பா இருக்கும் ஃபிளாட் என்று எல்லா இடத்திலும் வைஃபை, செட்டாப் பாக்ஸ், இப்போது ஸ்மார்ட் ஸ்பீக்கர். மூன்று வீட்டிலும் ஷோகேஸின் இரு பக்கமும் பழைய மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் தூசி படிந்து நிற்கின்றன. ரிச்சி தெருவில் ஒரு காலத்தில் பார்த்துப் பார்த்து வாங்கியவை. பரிசாக வந்த சின்ன உருண்டைப் பெட்டியின் ஒலி அவர்களுக்குப் போதவில்லை. 'தகரத்துல பாடற மாதிரி இருக்குடா.'

இணைப்பது பெரிய வித்தை இல்லை. பெட்டியில் ஆடியோ ஜாக் இருந்தால் ஒரு ஒயர் போதும். எக்கோ டாட்டில் அந்த ஜாக் 2022இல் வந்த ஐந்தாம் தலைமுறையோடு காணாமல் போனது. ஜாக் இல்லாவிட்டால் ப்ளூடூத். மரப்பெட்டி ஸ்பீக்கருக்கு ஒரு ப்ளூடூத் ரிசீவர் மாட்டி, அதை இணைப்பு நிலையில் வைத்து, செல்போன் செயலியில் ஸ்மார்ட் ஸ்பீக்கரின் அமைப்புக்குள் போய்த் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. கூகுள் ஹோமில், இனி பாட்டெல்லாம் இந்த ஸ்பீக்கரில் என்று ஒருமுறை சொல்லிவைத்துவிடலாம்.

அடையாறில் அப்படிச் செய்து கொடுத்தபோது, அம்மா முதலில் கேட்டது எம்.எஸ்ஸின் சுப்ரபாதம். 1963இல் இசைத்தட்டாக வந்த நாளிலிருந்து தென்னிந்திய வீடுகளின் அலாரம் அது. சின்னப் பெட்டி ஆங்கிலத்தில் ஏதோ பதில் சொன்னது. பாட்டு அறையின் மறுகோடியில், மரப்பெட்டியிலிருந்து வந்தது. அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'என்னடா இது, பேசறது இங்க, பாடறது அங்கயா?' என்றார்.

கூகுள் ஹோமின் அமைப்பே அப்படித்தான். உதவியாளரின் பதில் பெட்டியிலிருந்தே வரும், பாட்டு மட்டும் ப்ளூடூத்தில் போகும். பொறியாளர் பார்வையில் இதில் நியாயம் உண்டு. பாட்டு இணையத்திலிருந்து பெட்டிக்கு வந்து, பிரிக்கப்பட்டு, மறுபடி சுருக்கப்பட்டு, ப்ளூடூத் அலையில் ஸ்பீக்கருக்குப் போவதற்குள் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவு தாமதம் ஆகலாம். பாட்டுக்கு அது பொருட்டே இல்லை. உரையாடலுக்கு உறுத்தும்.

இன்னொரு சிக்கல் மைக் செட்காரருக்கு நன்றாகத் தெரிந்தது. குழாய்க்கு எதிரே மைக்கைப் பிடித்தால் ஊளையிடும். குழாயின் ஒலியை மைக் வாங்கி மறுபடி குழாய்க்கே அனுப்பும், அது பெருகிக்கொண்டே போகும். ஸ்மார்ட் ஸ்பீக்கர் ஊளையிடாது. ஆனால் அதற்கும் மைக்கும் வாயும் பக்கத்தில் பக்கத்தில்தான். பாடிக்கொண்டிருக்கும்போதே நாம் கூப்பிட்டால் அதற்கு எப்படிக் கேட்கிறது? தான் என்ன பாடுகிறோம் என்று அதற்குத் தெரியும். மைக்கில் வரும் ஒலியிலிருந்து அதைக் கழித்துவிடுகிறது, மிச்சம் நம் குரல். இந்தக் கழித்தலின் வேர் தொலைபேசியில் இருக்கிறது. 1960களில் செயற்கைக்கோள் வழியாகத் தொலைபேசிப் பேச்சு போனபோது, பேசுபவருக்குத் தன் குரலே தாமதமாகத் திரும்பி வந்து தொந்தரவு செய்தது. அதை நீக்க, எதிரொலியைத் தானே கற்றுக்கொண்டு கழிக்கும் முறையை 1967இல் வெளியிட்டவர் பெல் ஆய்வகத்திலிருந்த மன் மோகன் சோந்தி, இந்தியாவில் பிறந்தவர்.

வெளி ஸ்பீக்கரை இணைத்ததும் இந்தக் கணக்கு கொஞ்சம் குழம்பும். மரப்பெட்டியிலிருந்து வரும் ஒலி தாமதமானது, அதன் பாஸும் ட்ரெபிளும் வேறு. அதனால்தான் எக்கோவுக்கும் ப்ளூடூத் ஸ்பீக்கருக்கும் நடுவே குறைந்தது மூன்றடி இடைவெளி விடச் சொல்கிறது அமேசான். மைக்கைக் குழாய்க்குப் பின்னால் வைக்கச் சொன்ன மைக் செட்காரரின் அறிவுரைதான், வேறு வடிவில்.

ஆனால் அம்மாவின் கேள்விக்கு இவை பதில் இல்லை. அந்த வாக்கியத்தில் இன்னொன்றும் இருக்கிறது. மாநகராட்சியின் குழாயும், பஞ்சாயத்து ரேடியோவும், டீக்கடை மர்பியும் பேசின, பாடின. எதுவும் நம்மைக் கேட்கவில்லை. இந்த வரிசையில் காது வைத்த முதல் பெட்டி இதுதான். அழைப்புச் சொல்லுக்காக அது எப்போதும் காத்திருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் நாம் சொல்வதை வெகு தொலைவில் இருக்கும் கணினிக்கு அனுப்பி, என்ன சொன்னோம் என்று புரிந்துகொள்கிறது. பஞ்சாயத்து அறையின் சாவியாவது தெரிந்த ஒருவர் இடுப்பில் இருந்தது. இந்தப் பெட்டியின் சாவி யாரிடம்?

மொழியிலும் அது தெரிகிறது. 'ஆகாசவாணி' என்ற பெயர் வேண்டாம், 'வானொலி' என்றே சொல்வோம் என்று சண்டை போட்ட ஊர் இது. எக்கோ இந்தியாவுக்கு 2017 இறுதியில் வந்தபோது அதற்குத் தெரிந்தது ஆங்கிலம். 2019இல் இந்தி கற்றுக்கொண்டது. என் அம்மா தமிழ்ப் பாட்டின் பெயரை ஆங்கிலக்காரர்போல உச்சரித்துப் பார்க்கிறார். பாட்டு தமிழ், கேட்பவர் தமிழ், நடுவில் உத்தரவு மட்டும் வேறொரு நாக்கில். இலங்கைக்கு முள்ளைத் திருப்ப யாரும் உச்சரிப்பை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

பெரிய ஸ்பீக்கரை இணைத்த வீடுகளில் நான் இப்போது ஒன்றைச் சொல்லிவிட்டு வருகிறேன். மரப்பெட்டியை அணைத்தால் பாட்டு நிற்கும், காது நிற்காது. காது வேண்டாம் என்றால் சின்னப் பெட்டியிலேயே மைக்கை அணைக்கும் பொத்தான் இருக்கிறது, அதைத் தனியாக அமுக்க வேண்டும். அம்மா அதைப் பழகிக்கொண்டார். மதியம் தூங்கப் போகுமுன் அமுக்குகிறார், எழுந்ததும் எடுத்துவிடுகிறார். நிறுவனம் எழுதிய எல்லா விதிகளும் அந்தப் பெட்டிக்குள் இருக்கட்டும், ஒரு சாவியாவது அம்மா கையில்.

இனி

ப்ளூடூத் இதுவரை ஜோடி சேர்க்கும் தொழில்நுட்பமாக இருந்தது. ஒரு பெட்டி, ஒரு ஸ்பீக்கர். 2022இல் 'ஆரகாஸ்ட்' என்ற பெயரில் அறிவிக்கப்பட்ட புது முறையில் ஒரு கருவி சுற்றியிருக்கும் எத்தனை கருவிகளுக்கு வேண்டுமானாலும் ஒலிபரப்பலாம். ரயில் நிலைய அறிவிப்பு நேராக உங்கள் காதுக்கருவிக்கு வரும். சபாவில் காது மந்தமான தாத்தா கச்சேரியைத் தன் இயர்போனில் கேட்கலாம். 1930இல் மாநகராட்சி மணலில் செய்ததற்குப் பக்கத்தில் மறுபடி வந்து நிற்கிறோம். ஒரு வித்தியாசம், கேட்க விரும்பாதவருக்கு அது கேட்காது. மெஜஸ்டிக் காலனிக்காரர்கள் கேட்டது அதைத்தான்.

இழந்தது எது என்றால், யாரென்றே தெரியாத பக்கத்து ஆளோடு ஒரே பாட்டைக் கேட்பது. கடற்கரைச் சாலை வானொலி நிலையத்துக்கு எதிரே மாலையில் நடந்தால், ஆயிரம் பேர் ஆயிரம் பாட்டுகளோடு போய்க்கொண்டிருக்கிறார்கள். வெளியே கேட்பது கடல் மட்டும்.